மேலே இருந்த காகிதம்

இந்தக் காலத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து, ஏன் வாட்டமாக இருக்கிறாய் என்று வாயால் கேட்க ஆளில்லை. அதற்கும் திருப்பதியிலிருந்து கார் வர வேண்டும், காகிதம் கொடுக்க வேண்டும், பிள்ளை டிக் அடிக்க வேண்டும். சத்தியவேட்டுப் பள்ளிக்கூட வாட்ச்மேன் அப்பாவு, அந்த வெள்ளிக்கிழமை 6.45க்கு கேட்டைத் திறக்கும்போதே இதைத்தான் முணுமுணுத்தார். பத்தாம் வகுப்பு மோகனப்ரியா வழக்கம்போல அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். எதிரே கம்பெனி பஸ்ஸில் அம்மாவை ஏற்றிவிட்டு நேரே இங்கேதான் வருவாள்.

காலை 9.40. தலைமையாசிரியை வெங்கடலட்சுமியின் அறை. ஆராய்ச்சிக்கு வந்த ரூபா, மூடியில் கீறல் போட்ட தகர டப்பாவைக் கேட்டிலிருந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பிள்ளைகளின் மனநிலைக்கும் பள்ளிக்கு மட்டம் போடுவதற்கும் என்ன தொடர்பு என்பது அவள் ஆராய்ச்சி. பெயர் எழுத வேண்டாம். முந்தின நாள் கொடுத்த காகிதத்தை வீட்டில் நிரப்பி, காலையில் கேட்டுக்குள் நுழையும்போது டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

மூடியைக் கழற்றி, டப்பாவை அப்படியே கவிழ்த்துத் தூக்கினாள். நாற்பது காகிதமும் கலையாமல், அச்சிலிருந்து எடுத்த சுடாத பச்சைச் செங்கல் போல நின்றன. நகரிப் பக்கம் இருபது வருஷம் செங்கல் அறுத்த அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

மேல் காகிதத்தைப் படித்த ரூபாவின் முகம் வெளுத்தது.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல முடியல. பயமா இருக்கு."

இடது கையால் கிறுக்கியது போன்ற எழுத்து. யாருடைய நோட்டோடும் சேரவில்லை.

"மேல இருக்குன்னா கடைசியா விழுந்தது," என்றார் தலைமையாசிரியை. "எவரு அப்பாவு, கடைசியா வந்தது?"

"அக்ஷயா. வரதய்யபாளையம் பஸ்ஸு. ஒம்பதேகாலுக்கு வந்துச்சு."



11.15. அக்ஷயாவை உட்கார வைத்து ரூபா கேட்டாள்.

"என்ன பயம் உனக்கு?"

"உங்களப் பாத்தாத்தான் மேடம் பயம்."

"போன மாசம் பதினோரு நாள் வரலயே?"

"ஆடு குட்டி போட்டுச்சு. நைனாவால ஒத்தையில முடியல."

"காகிதத்துல என்ன எழுதினே?"

"எல்லாத்துக்கும் சந்தோஷம்னு டிக் அடிச்சேன். எழுத எனக்கு ஏது பொறுமை?"

யாரும் நம்பவில்லை. ஒரு டீச்சர் அவளை விட்டு நகரவில்லை. மாடிக் கதவைப் பூட்டச் சொன்னார்கள். அப்பாவு பூட்டிவிட்டு, இருமுறை இழுத்தும் பார்த்தார்.

3.30. "டப்பாவை ஓரமா வைங்க தாத்தா," என்றாள் ரூபா.

அப்பாவு எடுத்தார். பழகிய கை, தானாகவே அதைக் கவிழ்த்தது. அப்படியே நின்றுவிட்டார். செங்கல் அச்சைக் கவிழ்த்தால் எந்த மண் மேலே வரும்?

சற்று முன் அவர் கண்ணெதிரேதான் ஒரு பிள்ளைக்கு வெளியே போகச் சீட்டு எழுதியிருந்தார்கள். டப்பாவைப் போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடினார்.

உள்ளே, பையை மார்போடு அணைத்தபடி மோகனப்ரியா. வெளியே பைக்கில் அவள் அம்மாவின் தம்பி பூவராகவன், முப்பது வயது. அவளை அனுப்பச் சொல்லும் சீட்டில் தலைமையாசிரியையின் கையெழுத்து இருந்தது. ஒரு நாளும் மட்டம் போடாத பெண். ஒரு கேள்வியும் கேட்காமல் போட்ட கையெழுத்து.

"கேட்டைத் தொற பெருசு. இவ ஆயாவுக்கு ரொம்ப முடியல."

"சாவி காணோம்பா."

"இடுப்புல தொங்குதே, அது இன்னா?"

"அது எங்க வூட்டு ஆட்டுக்கொட்டாய் சாவி. முடியாத ஆயாவுக்கு மாலை எதுக்குப்பா?"

வண்டியில் மாட்டியிருந்த பையிலிருந்து கல்யாண மாலையின் நுனி எட்டிப்பார்த்தது. பூவராகவன் அவசரமாக அதை உள்ளே தள்ளினான்.

ரூபாவும் தலைமையாசிரியையும் மூச்சிரைக்க வந்தார்கள்.

"எழுதுனது இவதாம்மா," என்றார் அப்பாவு. "கவுத்துக் கொட்டுனா முதல்ல போட்டதுதான் மேல வரும். தெனம் முதல்ல வர்றவ இவ. அம்மாக்காரி வேலைக்குப் போனா வூட்ல இருக்கறது இந்த ஆளு. அதுக்கு பயந்துகினுதான் புள்ள லீவே போடல. நீங்க வராதவளப் புடிச்சு வெச்சிக்கினு, வந்தவள அனுப்பப் பாத்தீங்க."

மோகனப்ரியா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாளைக்கு திருப்பதியில அலிபிரி பக்கத்துல ஒரு மண்டபத்துல இந்த மாமாவோட கல்யாணம் மேடம். அம்மாவும் சரின்னுட்டாங்க. எனக்குப் பதினஞ்சுதான்."

பைக் உறுமியது. தலைமையாசிரியை குழந்தைகள் உதவி எண் 1098க்கும் போலீசுக்கும் போன் போட்டார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும் முன் அவனை மடக்கிவிட்டார்கள்.

5.10. அக்ஷயா ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து மோகனப்ரியாவிடம் நீட்டினாள். "என்னை சந்தேகப்பட்டதுக்குக் குடுத்தாங்க. துன்னுடி."

வாசலில் ரூபா சொன்னாள்: "தாத்தா, அடுத்த தடவை 'எத்தனை மணிக்கு பள்ளிக்கூடம் வர்றே'ன்னு ஒரு கேள்வி சேர்த்துடறேன்."

"எட்டு மாசமா தெனம் அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தவன் நான். நானே கேக்கல. உன் காகிதம் கேட்டுடுமா?"

"காகிதத்துலதானே தாத்தா சொன்னா?"

அப்பாவு டப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாவோ போ," என்றார். தலையை ஆட்டியபடி, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.