பனிக்குள்ளிருந்து அறுநூற்று நாற்பது

செபமாலை மாமாவுக்கு லெனாட் கொடுக்க வேண்டிய கடன் அறுநூற்று நாற்பது ரூபாய்.

கார்த்திகை மாதம் அவன் அடித்த பந்து நேரே மாமாவின் கடைக்குள் போய், மேசையில் இருந்த டொபிப் போத்தலை உடைத்துவிட்டது. போத்தல் நானூறு. கண்ணாடித் தூள் கலந்து வீணாய்ப்போன டொபி இருநூற்று நாற்பது.

குருநகரில் லெனாட் பேர்போன கெட்டிக்காரன். கணக்கில் நூற்றுக்கு நூறு. வாய்க்கும் பரீட்சை வைத்திருந்தால் அதிலும் நூறுதான்.

“மாமா, பந்தை அடிச்சது நான். கடைக்குள்ளை கொண்டுவந்து விட்டது வாடைக்காத்து. அப்ப பாதிக் கடன் காத்தின்ரை.”

“சரியடா. காத்து வந்தா அதிட்டை வாங்குறன். உன்ரை பாதியை நீ எப்ப தருவாய்?”

“நீங்கள் கதவைச் சாத்தி வைச்சிருந்தா பந்து உள்ளுக்கு வந்திருக்குமோ?”

“கதவைச் சாத்தினா யாவாரம் எப்பிடியடா நடக்கும்?”

“அது வேறை கணக்கு, மாமா.”

மாமா சிரிப்பார். ஆனால் விடமாட்டார். அன்றிலிருந்து அவர் லெனாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தெருவில் கண்டால், “ஏய் அறுநூற்று நாற்பது, எப்ப தருவாய்?” என்பார். கோயில் வாசலில் கண்டாலும் அதுதான். பூசைக்கு வந்த சனத்துக்காகக் குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டுப் பிரியந்தினிக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். அவளும் லெனாட்டின் வகுப்புத்தான். கணக்கில் அறுபதைத் தாண்டினால் அவள் வீட்டில் அன்றைக்குக் கோழிக்கறி. கோழிக்கறி அடிக்கடி வருவதில்லை.

தை மாதம், ஒரு சனிக்கிழமை விடியற்காலை. பிரியந்தினியின் அப்பா தொண்டைமானாற்றுக்கு ஒரு பழைய வள்ளம் பார்க்கப் போனவர், இன்னும் திரும்பவில்லை. களப்பில் கட்டியிருந்த நண்டு வலையை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். விட்டால் நண்டு செத்துப்போகும். செத்த நண்டை யாரும் வாங்கமாட்டார்கள்.

“லெனாட்டையும் கூட்டிக்கொண்டு போ,” என்றாள் அம்மா லூர்த்தம்மா. காய்ச்சலில் அவளால் எழும்ப முடியவில்லை. “இடுப்பளவு தண்ணிதான். ஆனா பனி இறங்கினா…”

“தெரியும் அம்மா. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.”

அது அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். பனிக்குள் கடலில் நிற்கும்போது ஒருவரை ஒருவர் பேர் சொல்லி அழைக்கமாட்டார்கள். கரையில் நிற்கிற பெண்களும் தகரத்தைத்தான் தட்டுவார்கள்.

“தண்ணிக்குள்ளை கிடக்கிறதுகள் உன்ரை பேரைப் பாடமாக்கி வைச்சிடும். பிறகு அதுகள் கூப்பிடும்,” என்பாள் அம்மா.

அப்பா வேறு மாதிரிச் சொல்லுவார். “பேரைக் கேட்டா ஆர்தான் நிண்ட இடத்திலை நிப்பினம்? குரல் வந்த பக்கமெண்டு ஓடுவினம். பனிக்குள்ளை குரலுக்குப் பக்கம் இல்லை, பிள்ளை.”

இரண்டு பேரும் வலைக்குப் போய்ச் சேரும்போது வானம் வெளுத்திருந்தது. பிரியந்தினி நண்டுகளைக் கழற்றி அலுமினியச் சட்டிக்குள் போட்டாள். லெனாட் சட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு நண்டு என்ன விலை, பத்து நண்டு என்ன விலை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பேச்சு பாதியில் நின்றது.

“உங்கை பார்,” என்றான்.

கரையில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளைக் காணவில்லை. பிறகு, கட்டியிருந்த வள்ளங்களைக் காணவில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று தண்ணீரின் மேல் சத்தமில்லாமல் ஊர்ந்து வந்தது. வந்து, வலையின் மற்ற முனையை விழுங்கியது. பிறகு அவர்களையும் விழுங்கியது.

தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. நீட்டிய கையின் விரல்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. சட்டிக்குள் நண்டுகள் பறண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கோயில் மணி அடித்தது. அது கரைப் பக்கமிருந்துதான் வரவேண்டும். ஆனால் முதலில் முன்னால் கேட்டது. பிறகு பின்னால். கடைசி அடி, கால்களுக்குக் கீழே தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

பிரியந்தினி வலைக்கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஓய்,” என்றது ஒரு குரல்.

“நீயோ?” என்று கேட்டாள்.

“நான் வாயே திறக்கேல்லை,” என்றான் லெனாட்.

“ஓய்…” மறுபடியும்.

லெனாட் தானும் “ஓய்” என்று கத்தினான். “ஓய்” என்று பதில் வந்தது.

“பாத்தியோ? எதிரொலி. இறங்குதுறைச் சுவரிலை பட்டுத் திரும்புது. விஞ்ஞானப் புத்தகத்திலை இருக்கு.”

“நீ கத்த முதலும் கேட்டுதே?”

“அது… அது வேறை எதிரொலி.”

அப்போது பனிக்குள் யாரோ இருமினார்கள்.

“டேய், எதிரொலி இருமுமோ?” என்று பிரியந்தினி மெல்லக் கேட்டாள்.

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏதோ ஒன்று தண்ணீரை மெதுவாக அளைந்தது. பிறகு, இழுத்து இழுத்து, அந்தக் குரல் சொன்னது:

“அறு… நூற்று… நாற்பது.”

லெனாட் அவளுடைய கையைப் பிடித்தான். அவன் விரல்கள் நண்டைவிடக் குளிராக இருந்தன.

“அதுகள் கடனையும் பாடமாக்குமோ?” என்று கேட்டான்.

அந்தப் பயத்துக்குள்ளும் பிரியந்தினிக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. “விசரா, அது செபமாலை மாமா.”

“மாமாவோ?” லெனாட்டுக்கு மூச்சு வந்தது, மூச்சோடு மூளையும் வந்தது. “அப்ப நல்லதாப் போச்சு. கேள். மாமா கடையிலை நிக்கிறார். கடை கரையிலை இருக்கு. அப்ப குரல் வாற பக்கம் கரை. நேரே நடந்தா வீடு. வா.”

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

பிரியந்தினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நில்லு.”

“ஏன்? எங்கை பிழை எண்டு காட்டு, பாப்பம்.”

எங்கே பிழை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் மாமாவின் குரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் கேட்கிற குரல். அதில் ஏதோ குறைந்திருந்தது. தெருவில் எப்படிக் கூப்பிடுவார் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“அவர் ‘எப்ப தருவாய்’ எண்டு கேக்கேல்லை,” என்றாள்.

“அதுக்கென்ன?”

“எப்பவும் கேப்பார். கேட்டுட்டுச் சிரிப்பார். இப்ப சிரிக்கவும் இல்லை. உன்னோடை பகிடி விடக் கூப்பிடேல்லையடா. பேர் சொல்லக் கூடாதெண்டு கூப்பிடுறார். அவரும் பனிக்குள்ளைதான் நிக்கிறார்.”

அவள் சட்டியிலிருந்த நண்டுகளை வலைப்பைக்குள் கொட்டினாள். நிலம் பார்த்து நடக்கக் கொண்டுவந்த தடியால் சட்டியை மூன்று தரம் தட்டினாள்.

“மாமா, கடையிலையோ, தண்ணிக்குள்ளையோ?”

பிறகு குரல் வந்தது.

“தண்ணிக்குள்ளை, பிள்ளை. கறிக்கு மீன் பிடிக்க இறங்கினனான். திருக்கை காலிலை குத்திப்போட்டுது. மூக்குக் கண்ணாடியும் விழுந்திட்டுது. காலுக்கு முன்னாலை நிலத்தைக் காணேல்லை. வாய்க்கால் விளிம்பிலை நிக்கிறன் போலை. இஞ்சாலை வராதேங்கோ.”

லெனாட் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தான். வள்ளங்கள் போய்வர வெட்டிய வாய்க்கால் அது. இரண்டு ஆள் ஆழம்.

“பெரிய ஆக்களைக் கூட்டிக்கொண்டு வருவம்,” என்றான்.

“எந்தப் பக்கம் போய்?”

லெனாட் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். இரண்டும் வெள்ளை.

“மாமாவின்ரை குரல் நடுங்குது. திருக்கை குத்தினா அப்பாவே மயங்கி விழுந்தவர். இவர் உதிலை விழுந்தா?” என்றாள் அவள்.

வலைக்கம்பில் அப்பா விட்டுப்போன நீளக் கயிறு சுற்றியிருந்தது. பிரியந்தினி அதன் ஒரு முனையைக் கம்பில் கட்டினாள். மற்ற முனையைத் தன் இடுப்பில் கட்டினாள்.

“நீ கம்பைப் பிடிச்சுக்கொண்டு சட்டியைக் கையாலை தட்டிக்கொண்டே இரு. நிப்பாட்டாதை. நான் கயித்தை இழுத்தா, நீயும் இழு.”

“உனக்குப் பயமில்லையோ?”

“இருக்கு. தட்டு.”

அவள் தடியை முன்னால் ஊன்றி நிலம் பார்த்தாள். நிலம் இருந்தால் ஒரு அடி. பிறகு மறுபடியும் தடி. இரண்டு எட்டில் லெனாட்டைக் காணவில்லை. சட்டிச் சத்தம் மட்டும் பின்னால் வந்தது; சில நேரம் பக்கத்தில் வந்தது. அவள் அதை நம்பவில்லை. இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“மாமா, தண்ணியிலை கையாலை அடியுங்கோ.”

சளக், சளக் என்று கேட்டது. சத்தம் குறைந்தால் அவள் திரும்பினாள். கூடினால் நடந்தாள். ஒருமுறை வெள்ளைக்குள் நெட்டையாக ஒருவர் நின்றார். “மாமா” என்று கையை நீட்டினாள். அவர் சிறகை விரித்துப் பறந்து போனார். கொக்கு.

அடுத்த தடவை தடியை ஊன்றியபோது, அது நிலத்தைத் தொடாமல் போய்க்கொண்டே இருந்தது. அவள் அப்படியே நின்றாள். வலது கைப் பக்கம், எட்டிப் பிடிக்கிற தூரத்தில், ஒரு நிழல் இருமியது.

“ஆர்?” என்றது நிழல்.

“நான்தான். லூர்த்தம்மாவின்ரை மகள். கையைத் தாங்கோ. முன்னுக்குக் கால் வைக்காதேங்கோ.”

மாமா கையை நீட்டினார். அவள் தடியை அவரிடம் கொடுத்தாள். கயிற்றை இரண்டு தரம் இழுத்தாள். கயிறு விறைத்தது. அங்கே லெனாட் முழுப் பலத்தோடும் இழுத்தான். சட்டிச் சத்தம் நின்றுவிடக் கூடாதென்று, சட்டியைக் கம்பில் கொழுவி, அதைத் தலையால் முட்டிக்கொண்டே இழுத்தானாம்; பிறகுதான் தெரியவந்தது.

மூன்று பேரும் வலைக்கம்பைக் கட்டிப்பிடித்தபடி நின்று சட்டியைத் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கரையில் யாரோ தகரத்தால் பதில் தட்டினார்கள். பிறகு இன்னொருவர். பிறகு தெருவே தட்டியது.

வெயில் ஏறியதும் பனி கிழியத் தொடங்கியது. முதலில் வலை தெரிந்தது. பிறகு, “நேரே நடந்தா வீடு” என்று லெனாட் காட்டிய பக்கம் தெரிந்தது. அங்கே கரை இல்லை. வாய்க்காலின் கறுத்த தண்ணீர் நீளமாகக் கிடந்தது.

லெனாட் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான் கூப்பிட, நீங்கள் விட்டுட்டு ஓடாமல் நிண்டியள்,” என்றார் மாமா, ஏற்றிப் போக வந்த வள்ளத்தில் படுத்துக்கொண்டு. “உன்ரை கடனைத் தள்ளிவிட்டனடா தம்பி.”

லெனாட் நண்டுப் பையைத் தூக்கி வள்ளத்துக்குள் வைத்தான்.

மாமா ஆசுபத்திரியால் வந்து, புதுக் கண்ணாடி போட்டு, கடை திறந்த அன்று பின்னேரம் பிரியந்தினி சீனி வாங்கப் போயிருந்தாள். லெனாட் ஒரு கடதாசிப் பையோடு வந்தான். மேசையில் கவிழ்த்தான். தாளும் சில்லறையும் கொட்டின.

“என்னடா இது? நான்தான் விட்டுட்டனே.”

“எண்ணிப் பாருங்கோ, மாமா.”

“வாடைக்காத்தின்ரை பாதி?”

“அதுவும் இருக்கு.”

“கதவு திறந்திருந்தது?”

“போங்கோ மாமா,” என்றான் லெனாட். அவன் காது சிவந்துவிட்டது. “பிழை என்ரைதான்.”

மாமா புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எண்ணினார். சரியாக இருந்தது. எல்லாவற்றையும் மேசை லாச்சிக்குள் போட்டுச் சாத்தினார். பிறகு கவலையோடு நாடியைச் சொறிந்தார்.

“கடன் முடிஞ்சுது. அதெல்லாம் சரி. இனிப் பனி இறங்கினா நான் உன்னை என்னெண்டு கூப்பிடுறது?”

லெனாட் யோசித்தான். பெரிய கெட்டிக்காரன், ஆனால் ஒன்றும் வரவில்லை.

பிரியந்தினி சீனிப் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தாண்டிவிட்டுத் திரும்பிச் சொன்னாள்:

“பூச்சியம் எண்டு கூப்பிடுங்கோ, மாமா.”