தலை போன தேரிப்புல்

1967, அக்டோபர் 18, புதன்கிழமை. காலை மணி 9.10.

பிணத்தை முதலில் பார்த்தவள் ரத்தினபாய். தலையைக் காணோம். கழுத்தோடு சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். உடம்பு மட்டும் வெள்ளைத் தாளின் மேல், அவள் கையால் போட்ட தையலோடு கிடந்தது.

பதற வேண்டாம். செத்தது ஒரு புல். அதுவும் செத்து ஐந்து வருஷம் ஒன்பது மாதம் ஆகிறது. ஆனால் ரத்தினபாய் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

இடம் சேலையூரில் கோல்டிங் ஹெர்பேரியம். காய்ந்த செடிகளைத் தாளில் தைத்து, பெயர் எழுதி, அலமாரியில் அடுக்கி வைக்கும் ஓட்டுக் கட்டடம். உள்ளே இருபதாயிரம் தாள்கள். அவற்றில் பாதிக்கு மேல் புல். அக்கம்பக்கத்தார் அதற்கு வைத்திருந்த பெயர் வைக்கோல் ஆபீஸ்.

வெட்டப்பட்டது சாதாரண வைக்கோல் அல்ல. தெற்கே தேரி என்னும் செம்மணல் மேட்டில், முள்ளுக்கு நடுவே, ஒரே ஒரு குத்தாகக் கிடைத்தது. உலகம் இதுவரை அறியாத புது இனம் என்று பேராசிரியர் ஜீவரத்தினம் ஐந்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். அதன்பின் இரண்டு தடவை அதே தேரிக்குப் போய்த் தேடியும் இன்னொரு குத்து அகப்படவில்லை. கட்டுரையும் தாளும் அன்றைய தபாலில் கல்கத்தாவுக்குப் போகவேண்டும். புல்லுக்குக் கதிர்தான் முகம். கதிர் இல்லாத புல்லைப் பெற்ற தாயாலும் அடையாளம் சொல்ல முடியாது.

மணி 10.05. சப் இன்ஸ்பெக்டர் ஏகநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். தர்மபுரியிலிருந்து மாற்றலாகித் தாம்பரம் வந்து ஏழு மாதம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல் ரயில்வே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். புல் கொலை என்றதும் வேறு எந்த அதிகாரியாக இருந்தாலும் சிரித்திருப்பார். இவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாளின் மேல் குனிந்தார்.

சின்னக் கத்தரிக்கோல். பதினொரு வெட்டு. ஒவ்வொன்றும் தையலுக்கு ஒரு விரற்கடை மேலே. ஒரு தையல்கூட அறுபடவில்லை.

"கோபக்காரன் வெட்டு இல்ல இது" என்றார் தனக்குத்தானே.

ரத்தினபாய்க்கு நாற்பத்தைந்து வயது. பம்மலிலிருந்து வருகிறவள். இருபது வருஷமாகப் புல்லைத் தாளில் தைப்பதுதான் வேலை.

"கடைசியா எப்ப பார்த்தீங்கம்மா?"

"நேத்து சாயங்காலம் நாலரைக்கு சார். பூச்சி வராம இருக்க மருந்து அடிச்சேன். ஸ்பிரிட்ல கரைச்ச பாதரச மருந்து."

"அஞ்சு வருஷம் முந்தியே அடிச்சிருப்பீங்களே?"

"தைக்கும்போது ஒரு தடவை அடிப்போம். அதோட சரி. ஆனா வெளியூர் போற தாளுக்கு நான் இன்னொரு தடவை அடிச்சிடுவேன். யாரும் சொன்னதில்ல, நானா பண்றது. தாள் அரைமணியில காஞ்சிடும். கதிருக்குள்ள மட்டும் ஈரம் நிக்கும். அலமாரியில வெச்சிட்டு அஞ்சு மணிக்குக் கிளம்பிட்டேன்."

"அப்ப கதிர் இருந்ததா?"

"பதினொண்ணும் இருந்தது."

"மருந்து அடிச்சதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது சார்? இங்க யாரும் யாரோடயும் பேசறதில்ல. காலையில ஒரு குட்மார்னிங், சாயங்காலம் ஒரு குட்நைட். அவ்வளவுதான்."

மணி 10.40. விரிவுரையாளர் சத்தியநாதன். முப்பது வயது, போலீசுக்குப் போன் செய்தவர். கையோடு குற்றவாளியையும் தயாராக வைத்திருந்தார்.

"அட்டெண்டர் ஏசுபாதம்தான் சார். ஒரே சாவி, அது அவன்கிட்ட. போன வாரம் அவன் ஆடு காம்பவுண்டுக்குள்ள மேஞ்சதுன்னு சத்தம் போட்டேன். அந்தக் கடுப்பு."

"நீங்க நேத்து எப்ப கிளம்பினீங்க?"

"மூணு மணிக்கு. மாம்பலத்துல பல் டாக்டர். ஏழு மணி வரைக்கும் வாயைத் திறந்துகிட்டே உட்கார்ந்திருந்தேன். விசாரிச்சுக்கலாம்."

"இந்தப் புல் புதுசு இல்லைன்னு சொன்னவர் நீங்கதானாமே?"

"சந்தேகமா இருக்குன்னேன். சந்தேகப்படறதுக்குத்தானே சார் சம்பளம்? எனக்கு வேணும்னா முழுத்தாளையும் தூக்கியிருப்பேன். கதிரை மட்டும் கிள்ளிட்டுப் போக நான் என்ன ஆடா?"

மணி 11.00. ஏசுபாதம் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றான். காலடியில் அவனுடைய அலுமினிய டிபன் டப்பா.

"ஆறு மணிக்குப் பூட்டிகினு வூட்டுக்குப் போய்ட்டேன் சார். பொழிச்சலூரு. சாவி இடுப்பவுட்டு எறங்கல. காலீல ரத்தினபாய் அம்மா எதிர்லதான் தொறந்தேன்."

"அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும் யாரு உள்ள போனது?"

"யாருமில்ல சார். ஐயா மட்டும் அஞ்சே முக்காலுக்குக் கொடைய மறந்துட்டேன்னு திரும்பி வந்தாரு. அஞ்சு நிமிசம். அவுரு எடம், அவுரு வருவாரு, போவாரு. இன்னா இருக்குது அதுல?"

"டப்பாவை ஏன் வெளியில வெச்சிருக்கே?"

"உள்ள அலுமினியம் எட்தாரக் கூடாது சார். அந்த மருந்து ஈரத்தோட பட்டுச்சின்னா அலுமினியம் பேஜாராப் பூடும். ஒரே ராத்திரில வெள்ள வெள்ளயா முடி மொளச்சி, பொடிப்பொடியா உதிரும். என் பழைய டப்பா அப்டித்தான் பாழாச்சு. ஐயாவே மூக்குக் கண்ணாடி வெக்கிற அலுமினியக் கூட்டை அந்த ஸ்டூலு மேல வெச்சிட்டுத்தான் உள்ள போவாரு."

ஏகநாதன் டப்பாவைத் திறந்து பார்த்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு. டப்பா பளபளவென்று இருந்தது. பிறகு வாசலில் இருந்த ஸ்டூலைப் பார்த்தார். அதன்மேல் ஒன்றும் இல்லை.

"வேற ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"

ஏசுபாதம் தலையைச் சொறிந்தான். "நேத்து காலீல ஐயாவுக்கு சீமையிலேர்ந்து பெரிய கவரு ஒண்ணு வந்துச்சு சார். எப்பவும் ஸ்டாம்பைக் கிழிச்சி எம்பொண்ணுக்குக் குட்த்துடுவாரு. சேத்துகினு கீது அது. நேத்து நானே கேட்டேன். காதுல வாங்காத மாதிரி போய்ட்டாரு."

மணி 11.20. பேராசிரியர் ஜீவரத்தினம், ஐம்பத்தெட்டு வயது. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை ஊதிவிட்டு மாட்டிக்கொண்டார்.

"போனது போகட்டும் சார். கேஸ் வேண்டாம். பூச்சி தின்னிருக்கும்."

"பூச்சிகிட்ட கத்தரிக்கோல் ஏது சார்?"

ஏகநாதன் மேஜைமேல் இருந்த பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். புல் எடுத்த அன்று அந்த இடத்திலேயே எழுதிய குறிப்பு: 'ஜனவரி 1962. தேரி, செம்மணல். ஒரே குத்து. கதிர் இளஞ்சிவப்பு. ஞா. முதலில் பார்த்தாள்.'

"யார் சார் இந்த ஞா.?"

"ஞானம்மாள். என் மனைவி. லீவுக்கு ஊருக்குப் போனப்ப கூட வந்தா. வெயில்ல எனக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னா. புல்லுக்கு அவ பேரைத்தான் வைக்கிறதா இருந்தேன். அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

தாளின் மூலையில் ஒட்டியிருந்த சீட்டில், எடுத்தவர் என்ற இடத்தில், ஜீவரத்தினம் என்று மட்டும் இருந்தது. ஏகநாதன் அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

மணி 12.30. ஹெர்பேரியத்தின் செயலாளர் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து மணிக்குள் கதிர் வராவிட்டால் ஏசுபாதத்துக்கு வேலை இல்லை. பதினாலு வருஷ வேலை. அவன் டப்பாவைத் திறக்காமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஜீவரத்தினம் சாப்பாட்டுக்காக வீட்டுக்குக் கிளம்பினார். அவனைத் தாண்டும்போது தலையைத் தூக்கவில்லை.

மணி 3.00. இரண்டு தெரு தள்ளி ஜீவரத்தினத்தின் வீடு. கூடத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் செடி அழுத்தும் பழைய செய்தித்தாள் கட்டு இருந்தது. அதை இறக்கி வைக்கப் பேராசிரியர் கொஞ்சம் திணறினார்.

"உட்கார யாரும் வர்றதில்ல" என்றார்.

ஏகநாதன் உட்கார்ந்தார். அவருடைய அறையில் ஒரே நாற்காலிதான். அந்த வீட்டின் அமைதி அவருக்கு நன்றாகப் பழகிய அமைதி.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும் சார். உங்க கண்ணாடிக் கூடு எங்கே?"

ஜீவரத்தினத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"நானே சொல்லிடறேன்" என்றார் ஏகநாதன். "அஞ்சு மணிக்குக் கதிர் இருந்தது. ஆறு மணிக்குப் பூட்டு விழுந்தது. நடுவுல உள்ள போனது நீங்க ஒருத்தர்தான். அது மட்டும் போதாது, பூட்டினவனும் வெட்டியிருக்கலாம். ஆனா வெட்டினவன் தையலைத் தொடல. அந்தத் தையலோட அருமை தெரிஞ்ச கை அது. கதிரைப் பத்திரமா கொண்டுபோக ஒரு பெட்டி வேணும். அஞ்சு வருஷக் காய்ஞ்ச கதிர்தானே, கூட்டுல வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சீங்க. நாலரைக்கு ரத்தினபாய் மறுபடி மருந்து அடிச்சது உங்களுக்குத் தெரியாது. அந்த அம்மாவா இருந்தா அதை அலுமினியத்துல வெச்சிருக்க மாட்டாங்க. ஏசுபாதம் டப்பா சுத்தமா இருக்கு. உங்க கூடு இன்னிக்கு ஸ்டூல்ல இல்ல. கண்ணாடியில மட்டும் வெள்ளைப் பொடி இருந்தது."

ஜீவரத்தினம் எழுந்துபோய், அலமாரியிலிருந்து கூட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். மூடி முழுக்க வெள்ளை முடி முளைத்து, தொட்ட இடமெல்லாம் சாம்பலாக உதிர்ந்தது. உள்ளே, மடித்த மையொற்றுத் தாளில், பதினொரு கதிர்களும் இருந்தன.

"கையைக் கழுவுங்க சார், விஷம்" என்றார் ஏகநாதன். "எதுக்காக இதைப் பண்ணீங்க? அந்தக் கவர்ல என்ன வந்தது?"

கவருக்குள் ஒரு போட்டோ. 1836இல் பெல்லாரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் எடுத்து, சீமையில் ஒரு மியூசியத்தில் போட்டு வைத்த ஒரு தாள். ஏகநாதனுக்குப் புல் தெரியாது. ஆனாலும் கதிர் அதே கதிர் என்று தெரிந்தது.

"ஏற்கெனவே பேர் வெச்ச புல்" என்றார் ஜீவரத்தினம். "பார்த்த உடனே தெரிஞ்சிடுச்சு. கடைசி நாள்ல அவகிட்ட சொன்னேன் சார், உன் பேர்ல ஒரு புல் இருக்கும், உலகம் இருக்கிற வரைக்கும் இருக்கும்னு. அவ சிரிச்சா. என் மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கதிர் இருந்தா புல் பழசு. கதிர் தொலைஞ்சு போனா, அது புதுசு இல்லைன்னு ஒருத்தனும் நிரூபிக்க முடியாது. அவ்வளவுதான் யோசிச்சேன்."

"எரிச்சிருக்கலாமே?"

"மனசு வரல. அவ பார்த்த கதிர் அது."

"அங்க ஒருத்தன் காலையிலேர்ந்து திருடன்னு பேர் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கான். சோறு தின்னல."

ஜீவரத்தினம் முகத்தை மூடிக்கொண்டார். "போலீஸ் வரும்னு நான் நினைக்கல. வந்த பிறகு வாயைத் திறக்கத் தைரியம் வரல. தப்பு. பெரிய தப்பு."

மணி 4.20. ஹெர்பேரியத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள். குற்றவாளியின் பெயரைச் சொல்ல ஏகநாதன் வாயெடுத்தார். அதற்குள் ஜீவரத்தினமே முன்னால் வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு கவரிலிருந்து ஸ்டாம்பைக் கிழித்து ஏசுபாதத்தின் கையில் வைத்து, "மன்னிச்சிடுப்பா" என்றார்.

ஏசுபாதம் ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காலீலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் ஐயா" என்றான். அதுவே அவருக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

சத்தியநாதன் போட்டோவைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவே இல்லை. "சார், நூத்திமுப்பத்தொரு வருஷமா யாரும் பார்க்காத புல் சார் இது! புதுசு இல்லாட்டிப் போகட்டும். அழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் கைகழுவினது உயிரோட இருந்திருக்கு. இதை எழுதுங்க. புகாரை நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஏசுபாதம், உன்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்கணும்."

"அவ பேர் இருக்காதே" என்றார் ஜீவரத்தினம்.

ரத்தினபாய் அதற்குள் ஒரு சின்னக் காகித உறை மடித்துவிட்டாள். தாளிலிருந்து உதிர்ந்த எதையும் அங்கே எறிவதில்லை. உறையில் போட்டு அதே தாளின் மூலையில் ஒட்டிவிடுவார்கள். பதினொரு கதிர்களையும் எண்ணிப் போட்டாள்.

ஏகநாதன் தாளின் மூலையில் இருந்த சீட்டைக் காட்டினார். "அம்மா, இதுல புல்லோட பேர் மாறினா என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல புதுப் பேரை எழுதி ஒட்டுவோம் சார். சில தாள்ல நாலு தடவை மாறியிருக்கு."

"எடுத்தவங்க பேர்?"

"அது எப்படி சார் மாறும்? எடுத்தது எடுத்ததுதானே."

ஏகநாதன் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். 'ஞா. முதலில் பார்த்தாள்.'

ஜீவரத்தினம் அந்த வரியை நெடுநேரம் படித்தார். தன் கையெழுத்தையே முதல்தடவை பார்ப்பவர்போலப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார். சீட்டில் தன் பெயருக்குப் பின்னால்தான் இடம் காலியாக இருந்தது. அவர் அங்கே எழுதவில்லை. ரத்தினபாயிடம் புதுச் சீட்டு ஒன்று கேட்டு வாங்கி, பழையதன் பக்கத்தில் ஒட்டி எழுதினார்.

எடுத்தவர்கள்: ஞானம்மாள், ஜீவரத்தினம்.