பச்சைக் காரின் ரேடியோ

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தபோது பின்சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

டக்ளஸ் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்? கிழிந்த கறுப்பு ரெக்சின், அதன்மேல் விரித்திருந்த ஒரு பழைய துவாய், அவ்வளவுதான். சத்தத்தைக் கூட்டினான். கைதட்டலோடு ஒரு சிங்கள பைலாப் பாட்டு காருக்குள் நிறைந்தது. மறுபடி குறைத்தான். சளி பிடித்த பிள்ளை அழுது முடித்த கையோடு உறிஞ்சுமே, அதே உறிஞ்சல், ரோட்டுக்குக் கீழேயிருந்த அவன் கராஜின் தகரக் கூரையில் பெய்த மழையையும் மீறிக் கேட்டது. ஸ்பீக்கரின் தாள் கிழிந்திருக்கும், பழைய ஸ்பீக்கர் என்னென்னவோ சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தலைநரைக்கும் வரைக்கும் கார் வயரிங் பார்த்த மனுஷன் ஒரு ஸ்பீக்கருக்குப் பயந்தான் என்று தெரிந்தால் தலாத்துஓயா பூராவும் சிரிக்கும்.

கார் மடவளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீன் முதலாளியுடையது. எழுபதுகளில் ஜப்பானிலிருந்து வந்த பச்சை நிற வண்டி, ரேடியோவும் அதனோடு கூடப்பிறந்தது. கொழும்பில் ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று போன வாரம் முழுக்கப் பெருமை பேசியவர், இன்று காலையில் கொண்டுவந்து நிறுத்தியபோது சீட்டில் முள் இருந்தது மாதிரி குதித்து இறங்கினார். சாவியை எடுத்தாலும் ரேடியோ நிற்பதில்லையாம். சத்தம் தாங்காமல் ஒரு நாள் பேட்டரியைக் கழற்றி வைத்தாராம், அன்றைக்கு வீட்டில் ஒருவரும் தூங்கவில்லையாம். ஏன் தூங்கவில்லை என்று டக்ளஸ் கேட்டான். முதலாளி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாஸ், இத கழட்டி எங்கயாவது எறிங்க. வேற ஒண்டும் பூட்ட வாணாம். அந்த ஓட்டைய மூடித் தாங்க, அது போதும்."

அப்போதுதான் டொரதி வேலைக்குப் போகப் புறப்பட்டு வந்தாள். டக்ளஸின் மனைவி. ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடையை விரிக்காமல் காரில் ஓடிய பாட்டைக் கேட்டபடி நின்றாள். முதலாளி போன பிறகு, கல்யாணமாகி வந்த இத்தனை நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது கலவர நாட்களில், பிடித்த சிங்களப் பையன்களை ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டில் நம்பர் இல்லாத கார்கள் போகுமாம். ரோட்டோரத்து வீட்டுக்காரர்களுக்கு உள்ளே நடப்பது கேட்கக் கூடாது என்று ரேடியோவை உச்சத்தில் வைத்திருப்பார்களாம். ஆட்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடப்பார்களாம்.

"மேல போறப்ப பாட்டு கேக்கும். கீழ வர்றப்ப கேக்காது," என்றாள். "இந்த வண்டி நமக்கு வேணாங்க. அனுப்பிருங்க."

நாட்டில் எத்தனையோ கார், எத்தனையோ ரேடியோ, இதைப் போய் அதோடு முடிச்சுப் போடுகிறாயே என்று டக்ளஸ் சிரித்து மழுப்பினான். அவள் சிரிக்கவில்லை.

இப்போது அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம் டொரதிதான். அவளிடம் ஒரு குணம். யாராவது முனகினால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். குடிகாரன் கால்வாயில் கிடந்தாலும், பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டாலும் முதல் ஆள் அவள்தான். அந்தக் குணத்துக்காகத்தான் டக்ளஸ் அவளைக் கட்டினான், அதற்காகவே தினமும் அவளோடு சண்டையும் போட்டான். இந்த உறிஞ்சலை அவள் கேட்கக் கூடாது. சாயந்திர பஸ் வருவதற்குள் ரேடியோவைக் கழற்றி, காரைத் தார்ப்பாயால் மூடி, ஒன்றும் நடக்காத மாதிரி தேத்தண்ணி போட்டு வைத்திருக்க வேண்டும்.

பின்பக்கம் வேறு ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பார்க்கப் பின்கதவைத் திறந்து ஏறினான். தலைக்கு மேல் காரின் கூரைத் துணி ஈரமாக இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது, அதற்கடியில் பழைய இரும்பை நாக்கில் வைத்தாற்போல் ஏதோ ஒன்று. சீட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர் இல்லை. இறங்கலாம் என்று திரும்பினால் கதவு சாத்திக் கிடந்தது. திறக்கிற கைப்பிடியைத் தேடிக் கையால் தடவினான். கைப்பிடி இல்லை. கண்ணாடியை இறக்கும் பிடியும் இல்லை. அடுத்த கதவிலும் அப்படித்தான். உடைந்து விழவில்லை, யாரோ பொறுமையாகக் கழற்றி, இஸ்க்ரூ ஓட்டைகளை மெழுகால் அடைத்து வைத்திருந்தார்கள். முன்சீட்டுகளுக்கு நடுவே முட்டி மோதித் தவழ்ந்து முன்னால் வந்தபோது டக்ளஸுக்குச் சட்டை நனைந்திருந்தது.

வண்டியை அப்போதே பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தொழில்காரன் மூளை வேறு விதமாக ஓடியது. சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கோளாறு. பேசுவது ரேடியோ, ரேடியோவைப் பிடுங்கினால் பேச்சும் போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன், இன்றைக்கு அதைக் கழற்றவில்லை. பாட்டு துணைக்கு இருக்கட்டும் என்று பட்டது.

சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். இரண்டு குமிழ்களையும் இழுத்தெடுத்தான், உள்ளேயிருந்த மெல்லிய தண்டுகள் மொட்டையாக நின்றன. தண்டுகளைச் சுற்றியிருந்த நட்டுகளைக் கழற்றி, முன்தகட்டை நெம்பி, சாம்பல் தட்டை எடுத்து அந்தப் பொந்து வழியாகக் கையை விட்டுப் பின்னாலிருந்த போல்ட்டைத் தேடினான். பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் அடிப்பாகம் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. போல்ட் இளகியதும் ரேடியோ அவன் மடியில் இறங்கி, வயர்களில் தொங்கியபடி பாடியது. சாவிக்குப் போக வேண்டிய சிவப்பு வயர் நேரே பேட்டரிக்குப் போயிருந்தது. யாரும் அணைத்துவிடக் கூடாது என்று செய்த வேலை. பிளக் ஒன்றுகூட வைக்காமல் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்.

கட்டரை எடுத்தான். சிவப்பு வயரை வெட்டினான்.

பாட்டு நின்றது.

முதலில் மழை மட்டும் கேட்டது. ஓடையில் தண்ணீர் ஏறிப் போகும் சத்தமும், மேலே ரோட்டில் பழனியாண்டியின் தேத்தண்ணிக் கடையில் யாரோ கரண்டியால் கோப்பையைக் கலக்கும் சத்தமும் வந்தன. அப்பாடா என்று டக்ளஸ் மூச்சு விட்டான். அவன் மூச்சு முடிந்த பிறகும் மூச்சுச் சத்தம் முடியவில்லை. பின்சீட்டில் ஒருவன் வாயால் மூச்சு வாங்கினான். சீட்டின் ஸ்ப்ரிங் கனத்தில் அமுங்கிக் கிறீச்சிட்டது. அவனுக்கு இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு மூச்சு, நிதானமாக, சிகரெட் நாற்றத்தோடு.

"வதுர," என்றது குரல். சிங்களத்தில் தண்ணீர் கேட்டது. மீசைகூட அரும்பியிருக்காத குரல். "அம்மே, வதுர டிக்கக்."

டக்ளஸ் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

அடி விழுந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். அந்தப் பையன் ஓலமிட்டான். இரண்டாவது அடி. மூன்றாவது அடி டக்ளஸின் வாயில் விழுந்தது.

தலை டேஷ்போர்டின் விளிம்பில் மோதியது. வாய்க்குள் ஏதோ முறிந்து நாக்கில் உருண்டது. முன்னால் யாருமில்லை. விலாவில் ஒரு குத்து. யாருமில்லை. தலைமயிரைப் பிடித்துத் தூக்கி மறுபடி மோதினார்கள். சிரித்தார்கள். யாருமே இல்லை. திறந்திருந்த முன்கதவு வழியாகத் தலைகுப்புறச் சேற்றில் விழுந்தான். பல்லைத் துப்பினான்.

வெளியிலிருந்து பார்த்தால் கார் வெறுமையாகத்தான் இருந்தது. சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வந்துகொண்டேயிருந்தது. அடி. ஓலம். தண்ணீர். அம்மே.

மேலே பஸ் பிரேக் போட்டது.

ஐயோ கடவுளே, இப்போது வேண்டாம் என்று டக்ளஸ் ரோட்டுப் படிக்கட்டுப் பக்கம் ஓடினான். நீலக் குடை இறங்கி வந்துகொண்டிருந்தது. பாதிப் படியில் அவளை மறித்தான். அவன் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தைக் கண்டு டொரதி குடையைக் கீழே விட்டாள், முந்தானையால் அவன் தாடையைப் பிடித்தாள். யார் அடித்தது, எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உள்ள யாரு?"

"யாருமில்ல. நீ வீட்டுக்குப் போ, டொரதி."

"யாருமில்லன்னா தண்ணி கேக்கறது யாருங்க?"

கையைப் பிடித்தான். உதறினாள். இடுப்பைக் கட்டினான். சுமை தூக்கிப் பழகிய உடம்பு, அவனை இழுத்துக்கொண்டே நடந்தது. பயப்படாதே மகனே, இதோ வந்துவிட்டேன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்தாள். நோயாளியைத் தூக்கப் போகிறவள் மாதிரி ஒரு முழங்காலைச் சீட்டில் ஊன்றிக் கையை நீட்டினாள்.

அவளை உள்ளே இழுத்தார்கள். கதவு சாத்தியது.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் ஒரு பக்கம் திரும்பியது. மறு பக்கம் திரும்பியது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தன. கொண்டை மேல்நோக்கி இழுபட்டது. இழுத்த கை தெரியவில்லை. டக்ளஸ் கதவை உலுக்கினான். திறக்கவில்லை. வீல் ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியில் அடித்தான். கண்ணாடி கொட்டியதும் அவளுடைய அலறல் முழுதாக வெளியே வந்தது. உடைந்த இடத்தில் வலது கையை விட்டான். முழங்கைக்குக் கீழே பிடித்தார்கள். கதவின் விளிம்பில் வைத்து அழுத்தினார்கள். எலும்பு போன சத்தம் அவனுக்கே கேட்டது.

முன்கதவால் ஏறினான். சீட்டுகளுக்கு நடுவே இடது கையை நீட்டி அவள் ரவிக்கையைப் பிடித்தான். நெஞ்சில் உதை விழுந்தது. டேஷ்போர்டில் போய் விழுந்தான். தொங்கிக்கொண்டிருந்த ரேடியோ முகத்தில் இடித்தது.

பாட்டு ஓடியபோது இவர்கள் இல்லை. மத்தியானம் முழுக்க இங்கேதானே உட்கார்ந்திருந்தான், ஒருவர்கூடத் தொடவில்லை. பாட்டு வந்தால் போய்விடுவார்கள். போய்விட வேண்டும்.

ஒரு கையும் பல்லும்தான் இருந்தன. சிவப்பு வயரைக் கடித்து உறித்தான். மறு துண்டையும் கடித்தான். பின்னால் டொரதி, நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கெஞ்சினாள். அவனிடமா, அவர்களிடமா? இரண்டு முனையையும் முறுக்கினான். நெருப்புப் பொறி உதட்டைச் சுட்டது.

பைலா வந்தது. கைதட்டல் வந்தது. அடிச் சத்தம் நின்றது. அலறல் நின்றது.

டக்ளஸ் அழுதான். டொரதி, ஒண்ணுமில்ல, முடிஞ்சிருச்சு புள்ள என்றான். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியை நிமிர்த்திப் பின்னால் பார்த்தான்.

அவள் தலை ஒரு பக்கம் திரும்பியது. மறு பக்கம் திரும்பியது. ரத்தம் ஜன்னல் ஓரத்தில் தெறித்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது. ஒன்றுமே நிற்கவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மொட்டைத் தண்டைப் பிடித்துச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். பாட்டுக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது. அலறவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, மெதுவாக, டக்ளஸ் என்றாள். பிறகு அடி. கூட்டினான்.

மேலே கடை வாசலில் டோர்ச் வெளிச்சம் ஆடியது. பழனியாண்டி பாட்டுக்கு மேலால் கத்திக் கேட்டார்.

"என்னா பாஸ், கீழ யாரு சத்தம் போட்டது?"

ஓடி வாங்க என்றுதான் சொல்ல வாயைத் திறந்தான். அவர் வந்தால் முதலில் இந்த ரேடியோவை நிறுத்தச் சொல்வார். நிறுத்தினால் அது கேட்கும். இன்னொரு தடவை அதைக் கேட்க அவனால் ஆகாது.

"யாருமில்ல," என்றான். "ரேடியோ பாக்குறேன்."

வெளிச்சம் கடைக்குள் போனது. கண்ணாடியில் டொரதியின் முகம் இன்னும் தெரிந்தது. ஒரு கண் மூடிப்போயிருந்தது. மற்றக் கண் அவனையே பார்த்தது, உதடுகள் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி மூடின. பாட்டு போதவில்லை. டக்ளஸ் தண்டைப் பிடித்து, அது எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் திருகினான்.