இந்தப் பூட்டை யாராவது பயன்படுத்துகிறீர்களா?

ஜன்னலே இல்லாத அறையில் காற்று வந்தது. மேஜைமேல் கிடந்த பிஸ்கட் காகிதம் சரசரவென்று நகர்ந்து வந்து கீபோர்டில் முட்டி நின்றது. ஏசியை அவன் எப்போதோ அணைத்திருந்தான். ஈரச் சாக்கின் வாடையும், அதற்கடியில் யாரோ வெகுநேரம் மூடிவைத்திருந்த வாயின் வாடையும் அந்தக் காற்றில் இருந்தன.

இலவசமாக ஊர் கூடி எழுதும் கெர்னலில் அவனும் ஒரு கை. கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அஸ்திவாரம். அதில் பூட்டு, மணி போன்ற கருவிகளோடு பேசும் டிரைவர் நிரல்கள் அவன் பொறுப்பு. யாரும் தொடாத பழைய டிரைவரைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும், பெருக்கித் தள்ளிவிடுவான். கூட எழுதுகிறவர்கள் அவனுக்குத் ‘துடைப்பம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். “வீட்டுல பரணைச் சுத்தம் பண்ணச் சொன்னா மட்டும் முதுகு வலி வந்துடும்” என்பாள் மனைவி.

நீக்குவதற்கு ஒரு முறை உண்டு. இந்தப் பூட்டை யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று மெயில் குழுவில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தூக்கிவிடலாம். போன மாதம் ஓர் அரதப்பழசான பூட்டைப் பற்றி அப்படிக் கேட்டான். பெயரில்லாத முகவரி ஒன்றிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தது.

‘பயன்பாட்டில் இருக்கிறது. உள்ளே ஒருவர் இருக்கிறார். நீக்காதீர்கள்.’

எந்தக் கருவி, அது இயங்கிய பதிவு எங்கே என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டான். பதில் இல்லை. எவனோ வெட்டிப்பயல் கலாய்க்கிறான் என்று டிரைவரை நீக்கிவிட்டான். புதிய கெர்னலைச் சற்று முன்புதான், இந்த அடித்தள அறையின் இரண்டு கதவுகளையும் இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியில் ஏற்றியிருந்தான்.

படிக்கட்டுக்குப் போவது வெளிக்கதவு. அறையின் கோடியில் இருப்பது உள்கதவு. அவர்கள் குடிவந்த நாளிலிருந்து அது திறந்ததே இல்லை. “அது செத்த பூட்டு சார், விட்டுடுங்க” என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

அவன் திரும்பிப் பார்த்தான். உள்கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. இடுக்கில் இருட்டு.

பூட்டு சாகவில்லை. அவன் நீக்கிய டிரைவரை வைத்துத்தான் இத்தனை வருஷமும் அது பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எழுந்தான். அவன் உட்காரும்போதெல்லாம் புஸ்ஸென்று இறங்கும் அந்தப் பழைய நாற்காலி மேலே எழும்பியது. வெளிக்கதவின் பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு. இன்னொரு முறை. சிவப்பு.

அது அவனே எழுதிய விதி. உள்கதவு என்றைக்காவது திறந்தாலும் கருவிகள்மேல் தூசி படியக் கூடாதென்று, ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது திறக்காதபடி செய்திருந்தான். “யார் சொன்னாலும் கேக்காது. நானே சொன்னாலும் கேக்காது” என்று பெருமையடித்துக்கொண்டதும் அவன்தான். பழைய கெர்னலைத் திரும்ப ஏற்ற அரைமணி ஆகும். இல்லாவிட்டால் உள்கதவைக் கையால் சாத்த வேண்டும்.

வெளிக்கதவு தட்டப்பட்டது.

“அப்பா! ஸ்கூல் விட்டு வந்துட்டேன். பசிக்குது.”

அவன் மகள். பச்சை விளக்கு வந்ததும் அந்தப்பக்கக் கைப்பிடியை இறக்கித் திறப்பது அவளுக்குத் தினசரி விளையாட்டு.

“மேல போ குட்டி.”

“அம்மா கடைக்குப் போயிருக்காங்க. தனியா பயமா இருக்குப்பா.”

“சொன்னா கேளு. போ!”

“போப்பா. நீ எப்பவும் இப்படித்தான். நான் இங்கேயே நிக்கிறேன்.”

புத்தகப் பையைத் தரையில் போடும் சத்தம் கேட்டது. சாத்திவிட்டால் போதும், அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவிடலாம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு உள்கதவை நோக்கி நடந்தான். வாடை கனத்தது. செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. இருட்டுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மூச்சுகூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கைப்பிடி. ஈரம். கண்ணை மூடிக்கொண்டான். தள்ளினான்.

க்ளிக்.

யாரும் தடுக்கவில்லை. அப்பாடா! கதவிலேயே நெற்றியைச் சாய்த்தான்.

முதுகுக்குப் பின்னால் புஸ்ஸென்று சத்தம்.

திரும்பினான். அறையின் நடுவே நாற்காலி இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. அவன் பாரத்துக்கு இறங்குவதைவிட இன்னும் கீழே. அதில் யாரும் இல்லை. அதைத் தாண்டி, அந்தக் கோடியில், வெளிக்கதவின் விளக்கு பச்சை.

திரையில் புதிய மெயில். அதே முகவரி. எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பது அவன் வழக்கம், இங்கிருந்தே படிக்க முடிந்தது.

‘இனி நீக்கலாம். உள்ளே இப்போது யாரும் இல்லை.’

“அப்பா! பச்சை வந்துடுச்சு!”

திறக்காதே என்று கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

வெளிக்கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.

நாற்காலி மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.