இதோ வந்துட்டேன்

கடற்கரையை ஒட்டிய அந்தப் பழைய விடுதியைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு நாங்கள் வந்து இறங்கிய மத்தியானம், முதலில் என்னோடு மல்லுக்கு நின்றது சமையலறைக் கதவுதான். கடலைப் பார்த்த கதவு. உப்புக் காற்றிலும் மழையிலும் ஊதிப்போய், கீழே இறங்கித் தரையில் இழுபட்டது. வெளியே ஒருவர் நின்று சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் உள்ளே தாழ்ப்பாள் விழும்.

"ஏங்க, இந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்று கூப்பிட்டேன்.

"இதோ வந்துட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர், மணலில் நின்று கடலை வேடிக்கை பார்த்தபடி.

வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுச் சலித்துப்போன சொல் அது. எல்லாரும்தான் சொல்கிறோம், செருப்பை மாட்டுவதற்கு முன்பே போனில் 'வந்துட்டேன்' என்கிறோம். ஆனால் இந்த மனிதருக்கு அதைச் சொல்லிவிட்டாலே வேலை முடிந்த மாதிரி. அன்றைக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் கதவைச் சாத்தினேன்.

இடம் என்னவோ அழகுதான். ஒரு பக்கம் காடு மூடிய குன்று, மறுபக்கம் வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீரும். பயணிகள் காலையில் குன்றேறி அருவியைப் பார்த்துவிட்டு, கொலைப் பசியோடு இறங்கி வருவார்கள். நான் சமைப்பேன், அவர் பரிமாறுவார். கரியில் சுட்ட மீன், நண்டு சூப், தேங்காய்ப்பால் ஊற்றின இறால், நறுக்கின அன்னாசி. சாப்பாட்டைக் குறை சொன்னவர் யாருமில்லை. கூப்பிட்டால் ஆள் வருவதில்லை என்று குறை சொல்லாதவரும் யாருமில்லை.

வராந்தாவின் கோடியில், கடலை ஒட்டி ஒரு ஒற்றை மேஜை இருந்தது. அங்கிருந்து அடிக்கடி ஒரு ஆண் குரல் கேட்கும். பொறுமை போய்க்கொண்டிருக்கும் குரல்.

"யாராவது வரீங்களா? தண்ணி கேட்டேன்."

என் வீட்டுக்காரர் எங்கே நின்றாலும், தலையைக்கூடத் திருப்பாமல், "இதோ வந்துட்டேன் சார்" என்பார். நான்தான் வாய்க்குள் திட்டிக்கொண்டே தண்ணீரை எடுத்துப் போவேன்.

மேஜை காலியாக இருக்கும்.

நாற்காலி மட்டும் நனைந்திருக்கும். மழை இல்லாத நாளிலும் அப்படித்தான். துடைத்த துணியை எத்தனை தடவை அலசினாலும் பாசி வாடை போகாது.

காலையில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முன்பு விடுதியை நடத்தியவர் காலத்துக் கதையைச் சொன்னார். தனியாக வந்த ஒரு பயணி அந்த மேஜையில் உட்கார்ந்து சுட்ட மீன் சொல்லியிருக்கிறார். கூட்டமான நாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாரும் 'வந்துட்டேன்' என்றார்களே தவிர, ஒருவரும் வரவில்லை. கடைசியில் கோபமாக எழுந்து, படியிறங்கி, கடலில் குளிக்கப் போயிருக்கிறார். மீன் வந்தது. அவர் வரவில்லை.

"கூப்பிட்டா வாயைத் திறக்காதீங்கம்மா" என்றார் மீன்காரம்மா. "பதில் சொன்னா, ஆள் வருதுன்னு காத்துக்கிட்டே இருக்கும்."

வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பதில் சொல்லிக்கொண்டேதானே இருந்தார்.

அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து, இனிமேல் சொல்வதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மறுநாளே, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், குரல் கேட்டதும் "இதோ வந்துட்டேன் சார்" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பழகின வாய். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அன்று குரல் மேஜையிலிருந்து வரவில்லை. படிக்கட்டிலிருந்து வந்தது.

அடுத்த முறை மணலிலிருந்து. அவர் அப்போதும் பதில் சொன்னார்.

அந்த ஆள் போன வழியிலேயே அது போய்க்கொண்டிருந்தது. தொலைந்து போகட்டும், கடலுக்குள்ளேயே போய்விட்டால் நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

மழை பிடித்த ஒரு நாள், தங்கியிருந்த புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டுக்குக் காத்திருந்து காத்திருந்து, பாதியில் எழுந்து பெட்டியோடு போய்விட்டார்கள். போகிற வழியிலேயே எங்களைப் பற்றி இணையத்தில் எழுதியும் விட்டார்கள். 'கடல் அருமை. மீன் அருமை. கூப்பிட்டால் மட்டும் யாரும் வரமாட்டார்கள்.' அதைப் படித்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. இத்தனை வருஷத்து எரிச்சலும் சேர்ந்து வந்தது.

"வாயால வந்தது போதும்" என்றேன். "இனிமே யார் கூப்பிட்டாலும் காலால வாங்க."

அவர் முகம் சுண்டிப்போய், தட்டையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு வராந்தாவில் போய் நின்றார். விடுதியில் அப்போது எங்களைத் தவிர யாருமில்லை.

பொழுது சாய்ந்தது. மழை விட்டிருந்தது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காற்று நின்றுபோய், பாசி வாடை சமையலறைக்குள் அடைத்துக்கொண்டது.

தண்ணீர் விளிம்பிலிருந்து குரல் வந்தது. "எவ்வளவு நேரம்தான் கூப்பிடறது?"

"இதோ வந்துட்டேன் சார்."

வழக்கமாக அதோடு முடிந்துவிடும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினேன். தட்டில் தம்ளரை வைத்துக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல், அவர் கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். எதிரே யாருமில்லை. கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது.

"ஏங்க" என்று கத்தினேன்.

"இதோ வந்துட்டேன்" என்றார், திரும்பாமல்.

கதவைப் பிடித்து இழுத்தேன். மழைக்கு இன்னும் ஊதியிருந்த கதவு அசைய மறுத்தது. சுவரில் காலை ஊன்றி இழுத்தேன், உலுக்கினேன், அழுதேன். அது ஒருவழியாகத் திறந்தபோது மணலில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது. அலையில் தட்டு மிதந்தது. தம்ளரைக் காணோம்.

படகுகள் போய்த் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை.

என் அண்ணன் வந்து என்னைக் கையோடு கூட்டிப்போவதாகச் சொன்னான். மறுக்க எனக்குத் தெம்பில்லை. மத்தியான வெயிலில் ஒவ்வொரு அறையாகப் பூட்டினோம். வாசலில் கார் நின்றது. கடைசியாகச் சமையலறைக் கதவு. அண்ணன் பெட்டியோடு எனக்குப் பின்னால் நின்றான். நான் கதவைத் தள்ளிச் சாத்தினேன். அது தரையில் இழுபட்டு நின்றது. தாழ்ப்பாள் எட்டவில்லை.

பழகின வாய், எனக்கும்தான்.

"ஏங்க, இந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

சொன்ன பிறகுதான் நெஞ்சு உடைந்தது. கதவில் நெற்றியை வைத்து அழுதேன்.

"இதோ வந்துட்டேன்."

அண்ணன் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

வெளியே படியில் ஈரக் காலடிகள் ஏறின. பாசி வாடை வந்தது. பிறகு கதவு மெல்ல மேலே எழும்பி, சட்டத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. வெளியே யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். கதவுக்கு அடியில் கசிந்த தண்ணீர் என் கால்விரல்களை நனைத்தது.

"வெளியில யாரு?" என்று அண்ணன் கிசுகிசுத்தான்.

வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்ன உடனே வந்திருந்தார். எனக்குத் தாழ்ப்பாளைப் போடக் கை வரவில்லை. கதவைத் திறந்து அந்த முகத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. அப்படியே நின்றேன். அவரும் பிடித்தபடியே நின்றார்.

அப்போது கடல் பக்கமிருந்து, பொறுமை போன அந்த இன்னொரு குரல் கூப்பிட்டது.

"இதோ வந்துட்டேன் சார்" என்றார் அவர், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

காலடிகள் படியிறங்கின. கதவு பழையபடி கனமாகத் தரையில் இறங்கியது.