திரைக்குப் பின்னால் ஒரு நிமிடம்

"இது என் கடை ஷட்டருங்க! முதல்ல அந்தப் போஸ்டரைக் கிழிங்க..."

"கிழிக்க மாட்டேன். நேத்து ஆளுங்கட்சிக்காரன் ஒட்டினப்போ வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவங்க கேட்டுட்டு ஒட்டினாங்க!"

"கேட்டாங்களா, மிரட்டினாங்களா?"

சண்டை முற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பசை வாளியோடு அவளும் கூரைக்கடியில் ஒதுங்க வேண்டியதாயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் போஸ்டரில் இருந்த முகத்தைப் பார்த்தான். இமையில் துளி தொங்க, முறைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தான்.

"அட... வேட்பாளரே நீங்கதானா? ஒட்டக்கூட ஆளில்லையா?"

"மொத்தக் கட்சியே பதினோரு பேர் சார். அதுல நாலு பேருக்கு முட்டிவலி."

அவன் சிரித்துவிட்டான். என்ன கண்கள்... ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவனுக்கு இப்படியா ஒரு பார்வை இருக்க வேண்டும்?

மறுநாள் போஸ்டர் இல்லை. மழையில் உரிந்துவிட்டது என்றான். நம்பினாள். அதற்குப் பிறகு அந்த ஒரு தெருவுக்கு மட்டும் ஏழு தடவை பிரசாரத்துக்குப் போனாள்.

"அந்தத் தெருவுல நமக்கு ஒரு ஓட்டுகூட விழாதும்மா, ஏன் தொண்டையைக் கெடுத்துக்கறே?" என்றார் கட்சிச் செயலாளர்.

"ஒண்ணு விழும் தோழர்" என்றாள். சொல்லும்போதே முகம் சிவந்தது.

பிரசாரம் முடிந்த அன்று அவன் கேட்டேவிட்டான். "தோழரே... நம்ம ரெண்டு பேரும் கூட்டணி வச்சுக்கலாமா? ஆயுசுக்கும்?"

"எங்க கட்சி யாரோடயும் கூட்டணி வைக்காது." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஓட்டு எண்ணி முடியட்டும். சொல்றேன்."

"என் ஓட்டு உங்களுக்குத்தான். சத்தியமா!"

ஜெயிப்போம் என்ற கனவெல்லாம் அவளுக்கு இல்லை. அந்த ஒரு ஓட்டு போதும்... அதை அவனுடைய பதிலாகவே எண்ணிக் காத்திருந்தாள்.

எண்ணிக்கை நடந்த பள்ளிக்கூடத்தில், அவன் தெரு ஓட்டுப் போட்ட சாவடியின் தாளை விரலால் தடவித் தடவிப் படித்தாள். அவள் பெயருக்கு நேரே பூஜ்யம். அதிகாரியிடம் இரண்டு தடவை கேட்டாள். பூஜ்யம்தான் என்றார்.

வெளியே தூறலில், குடையும் சிரிப்புமாக அவன் நின்றிருந்தான்.

"எண்ணி முடிஞ்சாச்சு தோழரே... பதில்?"

"உங்க சாவடியில எனக்கு ஒண்ணுமே இல்ல."

குடை தாழ்ந்தது. "அது வந்து... எங்க அண்ணன் ஆளுங்கட்சியில வட்டச் செயலாளர்... வீட்டுல ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு... எப்படியும் நீங்க ஜெயிக்கப் போறதில்லையே! ஒரு ஓட்டுல என்னங்க இருக்கு? உங்களை எனக்கு உசுரா பிடிக்கும்."

"எனக்கும்தான் பிடிக்கும்" என்றாள். இத்தனை நாள் பொத்தி வைத்திருந்த சொல், நனைந்த சாம்பலாக வந்து விழுந்தது. குடைக்குள் வராமல் மழையிலேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க... ஓட்டுப் போடற அந்தத் திரைக்குப் பின்னாடி, உங்க அண்ணன் எங்க நின்னுட்டிருந்தாரு?"