டிக்கிக் கதவின் உள்பக்கம்

எனக்கு அருவருப்பு அதிகம். அப்படிப்பட்டவள் செய்யக்கூடாத தொழில் எதுவோ அதைத்தான் பதினாறு வருடமாகச் செய்கிறேன். ஆஸ்டின் டவுனில் நானும் என் கணவர் டிரேவரும் கார்களின் உள்பக்கத்தைச் சரிசெய்யும் கடை வைத்திருக்கிறோம். அவர் சீட் தைப்பார். டாஷ்போர்டிலும் கதவின் உள்பலகையிலும் விழுகிற கீறல், ஓட்டை, சிகரெட் சூடு எல்லாம் என் கைக்கு வரும். பள்ளத்தில் பட்டிப் பசை நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, கலர் அடித்தேன் என்றால் அடிபட்ட இடம் எது என்று வண்டிக்காரனுக்கே தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

வெளியே பளபளவென்று வருகிற வண்டிகளின் சீட்டுக்கு அடியில் நான் பார்த்ததையெல்லாம் சொன்னால் இன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்காது. புழு வைத்த பிரியாணி, காய்ந்த வாந்தி, சுருட்டிச் செருகிய டயப்பர். இதிலும் மோசம், சனி ஞாயிறானால் காடு மலை என்று ஏறி இறங்குகிற ஜீப்காரர்கள். சேற்றில் புரண்டுவிட்டு வீரன் மாதிரி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சேற்றைச் சுரண்டி எடுக்க என்னைப் போல ஒருத்தி வேண்டும்.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்ரீஹர்ஷா என்பவன் அப்படி ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து விட்டான். முப்பது வயது இருக்கும். வண்டி வெளியே புதுசு போல இருந்தது.

"அக்கா, மைனர் டேமேஜ் அஷ்டே, அவ்ளோதான். டிக்கிக் கதவு உள்பக்கம் லக்கேஜ் உரசிருச்சு. புதன்கிழமை வேணும். வண்டிய வித்துடப் போறேன்."

"எந்தெந்த இடம்னு வந்து காட்டிடுங்க சார்."

"நீங்களே பாத்துக்கோங்க அக்கா."

ரோட்டிலேயே நின்றுகொண்டு சாவியைக் கையை நீட்டிக் கொடுத்தான். வண்டியின் பின்பக்கம் அவன் கண் போகவே இல்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

டிக்கியைத் திறந்தேன். அந்த ஜீப்பில் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். உள்ளேயிருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது. அங்கே மடக்கு சீட் ஒன்று இருந்தது, ஆளை ஏற்றினால் முழங்கால் மடங்க உட்காரலாம்.

முதலில் வந்தது வாசனைத் திரவிய நெடி. யாரோ ஒரு புட்டி முழுவதையும் கொட்டியிருந்தார்கள். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. பூச்சாடித் தண்ணீரைப் பத்து நாள் மாற்றாமல் விட்டால் வருமே, அந்த நாற்றம்.

கதவின் உள்பலகையில் கீறல்கள். மேலிருந்து கீழாக, பக்கத்துப் பக்கத்தில், நான்கு. கொஞ்சம் தள்ளி இன்னும் நான்கு.

"லக்கேஜ் நாலு நாலாவா உரசும்?" என்று டிரேவரைக் கேட்டேன்.

"நாயை ஏத்தியிருப்பானுங்க ரூபி. வேற இன்னா," என்றார் அவர், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

நாய்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன். ஒரு கீறலின் நுனியில் ஏதோ செருகியிருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தேன். வெங்காயச் சருகு போல மெல்லிசாக வந்தது. வேர்ப்பக்கம் கறுப்பாகக் காய்ந்த சதை.

நகம்.

நாயின் நகம் தட்டையாக இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்தது இதுதான்: "ச்சீ" என்று சாமணத்தோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் குப்பை வண்டி வந்தது, கூடையைக் கவிழ்த்தேன். மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிறகு உட்கார்ந்து எட்டுக் கீறலுக்கும் பட்டி வைத்தேன். சாயங்காலம் கலர் அடித்து முடித்தபோது பலகை கண்ணாடி மாதிரி இருந்தது. நானே தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியதும் அந்த நாற்றம் முகத்தில் வந்து விழுந்தது. வாசனைத் திரவியம் துளிகூட இல்லை. தனி நாற்றம்.

டிக்கியைத் திறந்து பார்த்தேன். பட்டி வைத்த இடங்கள் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தன. தீப்பட்ட தோல் மாதிரி. ஒன்றை விரலால் அழுத்தினேன். உடைந்து, மஞ்சளும் பழுப்புமாகத் தண்ணீர் வடிந்து என் மணிக்கட்டில் இறங்கியது.

வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே ஓடிப்போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். டிரேவர் முதுகைத் தடவிவிட்டார்.

"பட்டி சரியா காயல. மழை ஈரம்," என்றார்.

அதையும் நம்பினேன். நம்புவதற்கு எனக்கு எப்போதும் ஏதாவது கிடைத்துவிடுகிறது. கையுறை போட்டுக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கொப்புளங்களைத் தேய்த்துச் சமன்செய்து, மேலே இன்னொரு கோட் பட்டி கனமாக இழுத்தேன். ஹீட் கன் காட்டிக் காயவைத்தேன். கலரும் அடித்து டிக்கியை மூடினேன்.

மூடியதும் சத்தம் கேட்டது.

கர்ர்... கர்ர்...

கொஞ்சம் நிற்கும். மறுபடி வரும்.

"எலி பூந்திருச்சு," என்று டிரேவர் எழுந்து வந்து டிக்கியைத் திறந்தார். சத்தம் நின்றது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தார், சீட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மூடினார்.

கர்ர்... கர்ர்...

அவர் கைப்பிடியை விட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஈரமா இருக்கு ரூபி," என்றார் மெதுவாக. எலி என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

ஒரு அம்மாள் வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். அறுபது வயது, மெலிந்த உடம்பு, கையில் மடித்த குடை. ரோட்டில் நின்றபடியே வண்டி நம்பரை வாய்விட்டுப் படித்தாள்.

"இதாம்மா. இந்த வண்டிதான். ஸ்ரீராம்புரத்துல எங்க சந்துக்கு வந்து எம்புள்ளய ஏத்திக்கினு போச்சு," என்றாள். "வண்டிக்காரப் பையனோட அபார்ட்மென்ட் வாட்ச்மேன்தான் சொன்னான், வண்டி இங்க கீதுன்னு."

பெயர் சின்னத்தாயி. மகன் சரவணன், சமையல்காரன். ஸ்ரீஹர்ஷாவும் மூன்று நண்பர்களும் சக்லேஷ்பூர் பக்கம் காட்டுக்குள் கூடாரம் போடப் போனபோது சமைப்பதற்காக அவனையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பிணமாகக் கொண்டுவந்தார்கள். குடித்துவிட்டு ஆற்றில் குளிக்க இறங்கினான், அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அப்படியே எழுதி மூடிவிட்டார்கள்.

"குடிச்சிருப்பான், இல்லங்கல. ஆனா நான்தான் அவனக் குளிப்பாட்டுனேன். பத்து வெரல்லயும் நகம் இல்லம்மா." கைகளை விரித்து என் முன்னால் காட்டினாள். "குளிக்கப் போன புள்ளைக்கு நகம் எங்க போச்சு? அத மட்டும் எனக்கு யாராச்சும் சொல்லிட்டா போதும். கேட்டா, கெழவிக்குப் பைத்தியம்னு தொரத்துறானுங்க."

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஜீப்பை ஆற்றுக்குள் ஓட்டியிருப்பார்கள். வண்டி சிக்கியதும் முன்னால் இருந்த நான்கு பேரும் கதவைத் திறந்து இறங்கியிருப்பார்கள். பின்னால் அந்த மடக்கு சீட்டில், கூடாரமும் ஐஸ் பெட்டியும் வழியை அடைக்க, சரவணன் உட்கார்ந்திருப்பான். ஆற்றுத் தண்ணீர் ஏற ஏறக் கதவைப் பிராண்டியிருப்பான். உள்ளேயிருந்து திறக்க முடியாத கதவை.

அவன் எழுதிவைத்துவிட்டுப் போன எட்டு வரியையும் நான் பட்டி வைத்து மூடியிருந்தேன். ஒரே ஒரு நகம் கிடைத்தது. அதைக் குப்பை வண்டியில் கொட்டியிருந்தேன்.

"ஒரு வாட்டி உள்ள பாத்துக்கறேம்மா. தொடக்கூட மாட்டேன்."

டிரேவர் என்னைப் பார்த்தார். நான் டிக்கியைத் திறந்துவிட்டேன்.

தொடமாட்டேன் என்றவள் தொட்டாள். பலகையை மேலிருந்து கீழாக, மூலை மூலையாகத் தடவினாள். கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. என் கைவேலை அப்படி.

"ஒண்ணுமே இல்லியே," என்றாள். அவள் தோள் இரண்டும் இறங்கிவிட்டது. "அப்ப அவனுங்க சொன்னது நெசந்தான். குடிச்சிப்புட்டுத்தான் எறங்கிட்டான். நாந்தான் ஊரு பூரா அந்தப் பசங்களச் சபிச்சிக்கினு திரிஞ்சேன்."

குடையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். புதன்கிழமை வண்டியும் போயிருக்கும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருடைய வாந்தியையும் அழுக்கையும் பார்த்துக் குமட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைப் பார்த்தே எனக்குக் குமட்டியது.

"அம்மா, நில்லுங்க," என்றேன். "இருந்திச்சு. நான்தான் மூடிட்டேன்."

அவள் நின்றாள்.

பிளேடை எடுத்துப் பட்டியின் ஓரத்தில் செருகி நெம்பினேன். காய்ந்த பட்டி பெயர்வது கஷ்டம். இது பொருக்கு மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு, ஒரே துண்டாகக் கழன்று என் கையில் விழுந்தது. உள்ளேயிருந்து அந்த ஆற்று நாற்றம் பீறிட்டது. துண்டைத் திருப்பிப் பார்த்தேன்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். பள்ளத்தில் பட்டியை நிரப்பினால், உரிக்கும்போது அதன் அடிப்பக்கம் மேடாக வரும். நான்கு கீறலுக்கு நான்கு மேடு.

மேடு இல்லை.

பள்ளம்தான் இருந்தது. நான்கு, எட்டு, அதற்கு மேல் எண்ண முடியவில்லை. குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. பட்டிக்கும் பலகைக்கும் நடுவில், காற்றுகூடப் போகாத இடத்தில், நேற்றிலிருந்து யாரோ பிராண்டியிருக்கிறார்கள். என் பக்கமாக.

பள்ளத்தின் நடுவே ஒரு நகம் பதிந்திருந்தது. காய்ந்ததல்ல. வேர் ஈரமாக, சிவப்பாக இருந்தது.

கையை உதறிவிடத்தான் பார்த்தேன். சின்னத்தாயி அதற்குள் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டாள். நான் சாமணத்தால் தொடக் கூசிய பொருளை அவள் இரண்டு விரலால் எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து, கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"சுண்டு வெரலு," என்றாள்.

அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

டிரேவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் பலகையைக் கழற்றினார். மேசையில் என் போன் அடித்தது. ஸ்ரீஹர்ஷா. டிரேவரே எடுத்து, "உங்க வேலை எங்களால ஆகாது சார்," என்று சொல்லி வைத்தார். என்னிடம், "எந்த ஸ்டேஷன்ல குடுத்தாலும் வாங்கித்தான் ஆகணும். நீயும் போ ரூபி. நகத்தக் கொட்டுனதயும் சொல்லு," என்றார்.

"சொல்றேன்," என்றேன். சொன்னால் என்ன ஆகும் என்று பயமாகத்தான் இருந்தது.

பலகையைச் சீட்டுத் துணியில் சுற்றிக் கட்டினோம். ஆட்டோவில் சின்னத்தாயி அதை மடியில் படுக்கவைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மழைத் தூறல் நின்றிருந்தது. சிக்னலில் ஆட்டோ நின்றபோது ஆட்டோக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு திரும்பினார்.

"இன்னாம்மா, மூட்டைல கோழியா? ஏறுனதுலேருந்து பிராண்டிக்கினே கீது?"

சின்னத்தாயி துணியின் முடிச்சைத் தளர்த்தி, உள்ளே காற்றுப் போகும்படி விரித்துவிட்டாள்.

"கோழி இல்லப்பா, எம்புள்ள," என்றாள். "நீ பள்ளம் பாத்து மெதுவா ஓட்டு."

ஆட்டோக்காரர் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். பிராண்டுகிற சத்தம் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் எங்களோடு வந்தது.